முடுக்கு, மெல்ல, நில்: கிள்ளான் பள்ளத்தாக்கில் விரைவுச் சொற்களின் கதை

செராஸ் சாலையோரத்து ஊர்களுக்குப் பெயர் வைத்தவை மைல்கற்களே. ஒன்பதாங் கட்டை, பதினோராங் கட்டை என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்வர்; இந்நாட்டுத் தமிழில் கட்டை என்பது மைலையும் குறிக்கும். கிலோமீட்டர் வந்து பல்லாண்டுகள் ஆகியும், 2017 ஜூலையில் திறக்கப்பட்ட பெருவிரைவு இரயில் நிலையமொன்று 'பத்து சபெலாஸ் செராஸ்' என்றே பெயர் பெற்றது. இங்குள்ள 'பத்து' நம் எண்ணுப்பெயர் அன்று. கல்லைக் குறிக்கும் மலாய்ச் சொல். தொலைவுக்குரிய பழஞ்சொல் இவ்வாறு ஊர்ப்பெயருக்குள் உறைந்து நின்றது. ஆனால் விரைதல், தணிதல், நிற்றல் ஆகியவற்றுக்குரிய சொற்களோ வண்டி மாறுந்தோறும் மாறி வந்துள்ளன.

மாட்டுவண்டிக் காலத்தில் நமக்குக் கடன் வாங்க வேண்டிய தேவை எழவில்லை. மாட்டை முடுக்கினோம், மூக்கணாங்கயிற்றை இழுத்து நிறுத்தினோம். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் நிலைமை வேறாயிற்று. பாதை போட்டவர்களுள்ளும் பின்னர்ப் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளிலும் செந்தூல் பட்டறையிலும் வாழ்ந்து உழைத்தவர்களுள்ளும் தமிழர் பலர்; நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத்தார் பலர் வந்தனர். அலுவல் மொழி ஆங்கிலம். ஆதலின் பிரேக், சிக்னல், கார்டு ஆகிய சொற்கள் தொழிலோடு சேர்ந்தே நம் வாய்க்கு வந்தன. எனினும் தமிழ் வாளா இருக்கவில்லை. கை உயர்த்தியும் தாழ்த்தியும் வழிகாட்டிய சிக்னல் கம்பத்தைக் 'கைகாட்டி' என்றது. இசைவு தருதலைப் 'பச்சைக்கொடி காட்டுதல்' என்று நாம் இன்றும் சொல்வது இருப்புப்பாதை தந்த வழக்கே.

துறைமுகம் தந்த சொல் இன்னும் சுவையானது. கப்பலின் மேல்தளத்திலிருந்து பொறியறைக்குச் செல்லும் ஆணைகள் சிலவே: முழு வேகம், அரை வேகம், மெதுவாக, நில் என்பன. 'நில்' ஒழிந்த ஒவ்வொன்றுக்கும் முன்னோக்கியா பின்னோக்கியா என்ற குறிப்பும் உண்டு. பின்னோக்கிச் செல்லப் பணிக்கும் 'கோ அஸ்டர்ன்' என்ற ஆங்கில ஆணையே மலாயாவின் துறைமுகங்களில் சிதைந்து 'கோஸ்தான்' ஆயிற்று. மலாய்க்காரர், சீனர், தமிழர் ஆகிய மூவர் வாயிலும் அது புகுந்தது. கப்பலை விட்டிறங்கி லாரியிலும் காரிலும் ஏறிக்கொண்டது. மாணவர் கட்டுரையில் இச்சொல்லைக் கண்டால் ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பது முறையே. அடித்தபின் அதன் பிறப்பையும் ஒரு நிமிடம் சொல்லலாம் என்பது நம் கருத்து.

கடன் கொடுத்த ஆங்கிலத்திலும் இச்சொற்கள் தொடக்கத்தில் இப்பொருளில் இருந்தவை அல்ல. 'ஸ்பீட்' என்பது பழைய ஆங்கிலத்தில் வெற்றியையும் வளத்தையும் குறித்தது. 'ஸ்டாப்' என்பதற்குத் துளையை அடைத்தல் என்பதே முதற்பொருள். சணல் போன்ற நாரைக் குறிக்கும் இலத்தீன் சொல் அதன் வேர் என்பர். 'ஃபாஸ்ட்' முதலில் உறுதியாக, அசையாமல் என்று பொருள்பட்டது. அசையாமையைக் குறித்த சொல் விரைவைக் குறிக்க வந்தது மாணவர்க்கு வியப்பாகத் தோன்றலாம். நம்மிடமும் இதற்கு ஓர் உறவு உண்டு: கடுமைக்குரிய 'கடு' என்னும் அடியிலிருந்துதான் விரைதலைக் குறிக்கும் 'கடுகுதல்' பிறந்தது. 'ஸ்லோ' என்ற சொல் பழங்காலத்தில் அறிவு மழுங்கியவனையும் சுட்டியது. நாம் வழங்கும் 'மந்தம்' இரண்டையும் இன்றளவும் சுமக்கிறது.

இச்சொற்கள் பள்ளியிலும் ஒரு சோதனையைக் கண்டன. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின; தமிழ்ப்பள்ளிகளும் விலக்கல்ல. அவ்வாண்டு முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் தொலைவையும் நேரத்தையும் வகுத்து வேகம் காணும் பாடத்தைத் தமிழ்ப்பள்ளிக்குள்ளேயே ஆங்கிலச் சொல்லால் கற்றனர். அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. அதன்பின் படிப்படியாகத் தமிழ் திரும்பியது. இடையில் படித்தவர்க்கு 'வேகம்' வீட்டுச் சொல்லாகவே நின்றது. 'திசைவேகம்', 'முடுக்கம்', 'எதிர்முடுக்கம்' ஆகியவை பலர் காதுக்கு எட்டவே இல்லை. இடைநிலைப்பள்ளியில் அறிவியல் தமிழில் இல்லாமையால், இன்றைய பிள்ளைகளுக்கும் தொடக்கப்பள்ளிக்கு அப்பால் இச்சொற்களைச் சந்திக்க வாய்ப்புக் குறைவு.

இத்தனைக்கும் 'முடுக்கம்' புதிதாகப் புனைந்த சொல் அன்று. மாட்டை முடுக்கியவர்களின் வினையிலிருந்து வந்த பெயரே. மலாய்க்காரர் காரை விரைவுபடுத்துவதை 'எண்ணெயை அழுத்து' என்னும் பொருளில் 'தெக்கான் மிஞ்ஞாக்' என்பர். ஆங்கிலம் இலத்தீன் சொல்லை நாடுகிறது. நாமோ அதே மிதிக்கட்டைக்கு 'முடுக்கி' என்று பெயரிட்டோம். ஆனால் செராஸ் அடுக்ககங்களின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மாலை நின்று கேட்டால், முடுக்கி என்று சொல்வார் எவருமில்லை. கை அசைத்து வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்பவர் 'கோஸ்தான், கோஸ்தான்' என்கிறார். சுவரை நெருங்கியதும், 'போதும், நில்லு!' என்கிறார்.