கிழவனுக்கு ஒரு வாசல்

என்னிடம் 2002ஆம் வருஷம் வாங்கிய லாப்டாப் ஒன்று உண்டு. நான் முடிக்காமல் விட்ட நாவல் ஒன்றின் பன்னிரண்டு அத்தியாயங்கள் அதன் வயிற்றில் உறங்கிக்கொண்டிருந்தன. வேறு பிரதி கிடையாது. பென் டிரைவ் செருகும் துளைகள் உடைந்துவிட்டன. வைஃபை வழியாகப் புதுக் கணினிக்கு மாற்றிவிடலாமென்றால், வீட்டு ரூட்டர் அந்தக் கிழவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சரி, கிழவனின் பாஷை தெரிந்த ரூட்டர் ஒன்று வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

கடைக்குப் போகுமுன் கொஞ்சம் சரித்திரம் படித்தேன். வைஃபையின் பேச்சு முறையை ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் சங்கம் முதன்முதலில் 1997இல் வகுத்தது. அப்போது வேகம் விநாடிக்கு 2 மெகாபிட். 1999இல் வந்த 'பி' வகை 11 மெகாபிட். என் கிழவன் அந்தத் தலைமுறை. 2003இல் 54 மெகாபிட் வேகத்தில் 'ஜி' வகை வந்தது. இந்தப் பிள்ளை மரியாதை தெரிந்தவன். அக்கம்பக்கத்தில் 'பி' இருந்தால், தான் பேசுமுன் அதற்குப் புரியும் பழைய பாஷையில், "இவ்வளவு நேரம் நான் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று அறிவித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பான். அதனால் அவன் வேகம் குறையும். குறைந்தால் என்ன? பெரியவரோடு நடக்கும்போது மெதுவாகத்தானே நடக்கவேண்டும்!

பாஷையில் இத்தனை தாட்சண்யம் இருந்தது. ஆனால் பூட்டு விஷயம் வேறு. 1997இல் செய்த பூட்டுக்கு 'வெப்' என்று பெயர். 'கம்பிக்குச் சமமான அந்தரங்கம்' என்பது அந்தப் பெயரின் பொருள். 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூவர் அதன் பலவீனத்தை வெளிப்படுத்தினார்கள். 2004இல் சங்கமே அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் ஒரு நிமிஷத்துக்குள் அதைத் திறந்து காட்டினார்கள். என் கிழவனுக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு பூட்டுதான்! அவனுக்காக வீட்டு வைஃபைக்கே அதைப் போட்டால், என் பாங்குக் கணக்கு முதல் மகளின் கடிதங்கள் வரை தெருவுக்குத் திறந்து வைத்த மாதிரி.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரரிடம் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், அந்த லாப்டாப்பில் கேபிள் செருகுற துளை இருக்கா?" என்றார்.

"இருக்கிறது."

"வீட்டு ரூட்டர் பின்னாடி?"

"நாலு இருக்கிறது."

"அப்போ ரூட்டர் எதுக்கு சார்? ஒரு கேபிள் போதும். இனிமே புதுசு வாங்கினாலும், பின்னாடி அந்தத் துளை இருக்கான்னு பார்த்து வாங்குங்க."

ஈதர்நெட் என்னும் அந்தக் கம்பி முறை, 1973இல் பாலோ ஆல்டோவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் சிந்தித்தது. வளர்ந்து வேகம் கூடிய பிறகும் அது பழையவர்களை மறக்கவில்லை. கம்பியைச் செருகியதும் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று விசாரித்து, இருவராலும் முடிந்த வேகத்துக்கு உடன்பட்டுவிடும். கம்பிக்குச் சமம் என்று பெயர் வைத்த பூட்டு தோற்றுப்போன இடத்தில், கம்பியே வந்து நின்றது.

அன்று இரவே பன்னிரண்டு அத்தியாயங்களும் புதுக் கணினிக்கு வந்து சேர்ந்தன. பழையவர்களோடு பேசுவதற்கு ஒரு வாசல் வேண்டும். அதற்காக அவர்களுடைய ஓட்டைப் பூட்டை வீட்டுக்கு மாட்டவேண்டியதில்லை. இனி பதின்மூன்றாவது அத்தியாயத்தை எழுதாமலிருக்க எனக்குச் சாக்கு ஏதும் இல்லை. அதுதான் இப்போதைய கவலை!