பதினேழு வயது வாசகியும் அவளைக் குறித்த அச்சமும்

2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் நள்ளிரவில், ஸ்டெஃபனி மேயரின் 'பிரேக்கிங் டான்' அமெரிக்கப் புத்தகக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. 2005இல் தொடங்கிய 'ட்வைலைட்' வரிசையின் நான்காம் நாவல் அது. முதல் நாளிலேயே 13 இலட்சம் படிகள் விற்றன என்பது பலரும் எடுத்துக்காட்டும் செய்தி. அடுத்த சில நாள்களில் நடந்ததை எடுத்துக்காட்டுவோர் குறைவு. நள்ளிரவு வரை காத்திருந்து நூலை வாங்கிய வாசகியருள் ஒரு பகுதியினர், அதை எரிக்க வேண்டாம், கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று ஒருவரையொருவர் தூண்டத் தொடங்கினர்.

அவர்களுடைய குறைகளைக் கவனிக்க வேண்டும். இரத்தக் காட்டேரியை ஒரு மானிடப் பெண் காதலிக்கிறாள் என்பது அவர்களுக்குக் குறையாகத் தோன்றவில்லை. கதைத்தலைவி பெல்லா எதையும் இழக்காமலே எல்லாவற்றையும் பெற்றுவிடுகிறாள் என்றனர். மூன்று நாவல்களாகக் காதலில் தோற்று நின்ற ஜேக்கப், அவளுக்குப் பிறந்த குழந்தையோடு விதிவழிப் பிணைக்கப்படுவதை அருவருத்தனர். நூற்றுக்கணக்கான பக்கங்களில் மூட்டப்பட்ட போர் போர்க்களத்திலேயே பேச்சோடு முடிந்துபோனதை ஏமாற்று என்றனர். கதைப்பின்னல், பாத்திர நியாயம், வாசகருக்கு அளித்த வாக்கு ஆகியவை பற்றிய விமரிசனம் இது. எழுதியவர்களிற் பெரும்பாலோர் பள்ளி மாணவியராகவோ இளம்பெண்களாகவோ இருந்தமையால் இதை விமரிசனம் என்று எவரும் அழைக்கவில்லை; 'இரசிகைகளின் கொந்தளிப்பு' என்றே செய்திகள் குறித்தன.

அதே காலத்தில் பெரியவர்களின் உலகம் வேறொன்றைப் பேசிக்கொண்டிருந்தது. 2009, 2010 ஆகிய இரு ஆண்டுகளிலும் அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட, அதிகமாக எதிர்ப்புக்குள்ளான நூல்களின் முதற்பத்துப் பட்டியலில் இவ்வரிசை இடம்பெற்றது. பாலியல் சித்திரிப்பு, சமயக் கண்ணோட்டம், வயதுக்குப் பொருந்தாமை என்பன எதிர்ப்பாளர் சொன்ன காரணங்கள். ஸ்டீஃபன் கிங் மேயரின் எழுத்துத்திறனையே மறுத்தார். பெண்ணிய ஆய்வாளர்கள், பெல்லா உறங்குவதை அவளறியாமல் எட்வர்ட் பார்த்துக்கொண்டிருப்பதையும், அவள் யாரைச் சந்திக்கலாம் என்பதை அவன் முடிவு செய்வதையும் சுட்டி, கட்டுப்பாடு இங்கே காதலாக வேடமிடுகிறது என்றனர். இவற்றுள் கடைசி வாதம் வலுவானது. இன்றும் அதை மறுப்பது எளிதன்று. ஆனால் சமயவாதி, எழுத்தாளர், பெண்ணியர் ஆகிய மூவரும் ஓர் ஊகத்தைப் பகிர்ந்துகொண்டனர். வாசகி தான் படித்ததை அப்படியே உட்கொள்வாள். அவளிடம் மறுப்பு இராது.

இந்த ஊகம் பழையது. ஜேன் ஆஸ்டினின் 'நார்தாங்கர் அபே' 1817ஆம் ஆண்டின் இறுதியில், ஆசிரியர் மறைந்த பின் வெளிவந்தது. ஆன் ராட்கிளிஃபின் கோதிக் நாவல்களில் மூழ்கிய கேதரீன் மார்லண்ட், தான் விருந்தினளாகத் தங்கிய மாளிகையிலும் கொலைமர்மம் இருப்பதாக எண்ணிக்கொள்கிறாள். அவளுக்கு வயது பதினேழு. ஃபோர்க்ஸ் நகருக்கு வந்து சேரும்போது பெல்லாவுக்கும் அதே வயது. இது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் ஆஸ்டின் தம் கதைத்தலைவியை நகையாடிய அதே நூலில், நாவலையும் நாவல் வாசிப்பையும் வெளிப்படையாக ஆதரித்து வாதாடினார் என்பதைப் பிற்காலத்தார் எளிதில் மறந்தனர். நகையாட்டு மட்டும் நினைவில் நின்றது.

காட்டேரி ஆங்கில உரைநடைக்கு வந்தபோது நிலைமை வேறாக இருந்தது. ஜான் போலிடோரியின் 'தி வாம்பயர்' 1819 ஏப்ரலில் 'நியூ மன்த்லி மேகஸின்' இதழில் பைரனின் பெயரால் வெளியிடப்பட்டது. பைரன் அதை மறுத்தார். படித்தோர் வாதிட்டது கதை யாருடையது என்பதைப் பற்றி. பிரபுவின் பெயர் ஒட்டியிருந்தவரை காட்டேரிக் கதை இலக்கியச் செய்தி. 1840களில் பென்னி விலைக்கு வாரந்தோறும் விற்ற 'வார்னி தி வாம்பயர்' போன்ற தொடர்கள் உழைக்கும் மக்களிடம் சென்றபோதுதான், படிப்பவரின் ஒழுக்கம் கேள்விக்குள்ளாயிற்று. கதைப்பொருள் அதுவே; வாசகர் மாறியிருந்தார்.

அந்த மலிவுத் தொடர்களின் வழியாக இவ்வரலாறு இந்தியாவையும் தொடுகிறது. ஜி. டபிள்யூ. எம். ரெனால்ட்ஸ் 1846–47இல் 'வாக்னர் தி வேர்வுல்ஃப்' என்ற ஓநாய்மனிதன் தொடரை எழுதியவர். இங்கிலாந்தின் உயர்குடித் திறனாய்வு அவரைக் கீழ்த்தரமானவர் என்று ஒதுக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்திய நூலகங்களின் ஆவணங்களை ஆராய்ந்த பிரியா ஜோஷி, 'இன் அனதர் கன்ட்ரி' (2002) என்ற நூலில், இந்நாட்டு வாசகர் பெருவிருப்போடு படித்த ஆங்கில நாவலாசிரியர் இதே ரெனால்ட்ஸ் என்று காட்டினார். தம் இளமைக்காலத்தில் ரெனால்ட்ஸ் நாவல்களின் உருது மொழிபெயர்ப்புகள் பரபரப்பாகப் படிக்கப்பட்டதைப் பிரேம்சந்த் நினைவுகூர்ந்துள்ளார். தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார் அவரைத் தழுவி எழுதினார். நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்ற குரல் அக்காலத் தமிழிலும் ஒலித்தது. அவ்வாசிப்பின் வரலாற்றுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' இன்றியமையாத நூல். (வாம்பயர் என்பதற்குத் தமிழ் கண்டெடுத்த 'காட்டேரி' என்ற சொல் தனிக் கட்டுரைக்குரியது. தமிழ்நாட்டில் காட்டேரிக்குப் படையலிட்டு வணங்குவோர் உண்டு. டிராகுலாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை.)

வாசகியிடமே கேட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் ஆய்வுலகுக்குத் தாமதமாகவே வந்தது. ஜானிஸ் ராட்வேயின் 'ரீடிங் தி ரொமான்ஸ்' (1984) இதில் திருப்பம். அமெரிக்காவின் நடுமேற்கில், 'ஸ்மித்டன்' என்று அவர் புனைபெயரிட்ட ஊரில், ஒரு புத்தகக் கடையைச் சுற்றிக் கூடிய காதல்நாவல் வாசகியரிடம் அவர் உரையாடினார். நூல்களின் பொருளைப் பற்றிக் கேட்கச் சென்றவருக்குக் கிடைத்த விடை, வாசித்தல் என்னும் செயலைப் பற்றியது. கணவனும் பிள்ளைகளும் குறுக்கிட முடியாத ஒரு மணிநேரத்தை நூல் அவர்களுக்குப் பெற்றுத் தந்தது. மேலும், எல்லாக் காதல்நாவலும் ஒன்றே என்று வெளியார் நினைத்திருக்க, அவர்களோ நல்லது கெட்டது பிரித்திருந்தனர். கதைத்தலைவன் கொடியவனாக வரும் நாவல்களை விலக்கினர்; முடிவு எப்படி என்று முன்னரே பார்த்துத் தேர்ந்தனர். ராட்வே தம் வாசகியரை இறுதிவரை ஒரு தொலைவிலிருந்தே பார்த்தார் என்ற குற்றச்சாட்டைப் பின்னர் ஈன் ஆங் எழுப்பினார். அது நியாயமானதே. எனினும் கேட்டவர் அவர்.

'ட்வைலைட்' வாசகியர் எவரும் கேட்பதற்காகக் காத்திருக்கவில்லை. அவர்களுடைய கருத்து நூலாகவே திரும்பி வந்தது. கதையைத் தம் விருப்பப்படி மாற்றி எழுதிய இரசிகர் புனைவுகளுள் ஒன்று, பெயர்கள் மாற்றப்பட்டு 2011இல் 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' ஆயிற்று. பெல்லா எப்போதும் காப்பாற்றப்பட வேண்டியவளாகவே இருக்கிறாள் என்ற கண்டனத்துக்கு மேயர் 2015இல் ஒரு முழு நாவலையே விடையாக்கினார். 'லைஃப் அண்ட் டெத்' நூலில் பெல்லா பியூ என்ற பையனாகவும் எட்வர்ட் எடித் என்ற பெண்ணாகவும் மாறினர். காட்டேரிகள் நடுவே சிக்கிய எந்த மனிதருக்கும் இந்நிலைதான், பெண் என்பதால் அன்று என நிறுவுவது அவர் நோக்கம். ஆனால் பால் மாறியதும் முடிவும் மாறியது. பெல்லா நான்காம் நாவல்வரை காத்திருந்து பெற்ற இறவா வாழ்வு பியூவுக்கு முதல் நூலிலேயே கிட்டிவிடுகிறது. இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு, கண்டனம் செய்தவர்களின் கையே ஓங்கித் தெரிகிறது.

இவ்வளவு குரல்களுக்கிடையே வாசகர் என்ற வட்டத்துள் நெடுநாள் சேர்க்கப்படாதோர் சிலர் உண்டு. ஜேக்கப் குவில்யூட் பழங்குடியைச் சேர்ந்தவன். புனைவுக்குடி அன்று, வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் லா புஷ் என்ற ஊரில் இன்றும் வாழும் மக்கள். ஊர்ப்பெயர், ஆற்றின் முகத்துவாரத்தைக் குறித்து, 'வாய்' என்னும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. மொழியியல் மாணவர்க்கு இம்மக்கள் வேறொரு காரணத்தால் அறிமுகம்: அவர்களுடைய மொழியில் மெல்லினம் கிடையாது. உலக மொழிகளில் மகரமும் னகரமும் இல்லாதவை மிகச் சில. ஆறு மெல்லெழுத்து வைத்திருக்கும் தமிழுக்கு இது வியப்பு. 'ட்வைலைட்' படித்த கோடிக்கணக்கானோர்க்கோ குவில்யூட் என்றால் ஓநாயாக மாறும் இளைஞர்கள்.

அவர்களுடைய தோற்றக் கதையில் ஓநாய்கள் மனிதராக்கப்பட்டன. நாவல் திசையைத் திருப்பி, மனிதரை ஓநாய்களாக்கியது. நாவலில் வரும் உடன்படிக்கை அவர்களுக்கும் காட்டேரிக் குடும்பத்துக்கும் இடையிலானது. வரலாற்றில் 1855–56இல் கையெழுத்தான உடன்படிக்கை அமெரிக்க அரசோடு. 1889இல் அவர்களுக்கென ஏறத்தாழ ஒரு சதுர மைல் நிலம் ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டே, ஊரார் ஹாப்ஸ் பறிக்கும் கூலி வேலைக்குச் சென்றிருந்தபோது, வெள்ளைக் குடியேறி ஒருவர் அவர்களுடைய 26 வீடுகளையும் எரித்தார். இதில் எதுவும் நாவலில் இல்லை. குவில்யூட் பெயரைத் தாங்கிய அணிகலன்களும் ஆடைகளும் அவர்களைக் கேளாமலே விற்பனையாயின.

இந்நூல்களைப் பற்றிய அவர்களுடைய கருத்து மதிப்புரையாக வரவில்லை. சியாட்டிலின் பர்க் அருங்காட்சியகம் அக்குடியினரோடு சேர்ந்து, நாவல் கூறுவதையும் வரலாறு கூறுவதையும் ஒப்பிட்டுக் காட்டும் 'ட்ரூத் வெர்சஸ் ட்வைலைட்' என்ற தொகுப்பை உருவாக்கியது. 2010இல் சியாட்டில் கலை அருங்காட்சியகத்தில் குவில்யூட் ஓநாய்களின் உண்மைக் கதை என்ற பெயரில் ஒரு கண்காட்சி திறக்கப்பட்டது. சடங்குகளில் அணியும் ஓநாய்த் தலையணிகளோடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குவில்யூட் பதின்வயதினர் வரைந்த ஓவியங்களும் அங்கே வைக்கப்பட்டிருந்தன. ஓநாய் நடனம் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்து வரைந்தவர்கள் அவர்கள்.