கல்வெட்டில் வாங்கினவரின் முகம் இல்லை

அச்சுவேலியில் இருந்து தொண்டைமானாறுப் பக்கம் போனால் செல்வச்சந்நிதி வரும். எங்கட சனம் அந்த முருகனை 'அன்னதானக் கந்தன்' எண்டு சொல்லும். மடத்துப் பந்தியில் போய் இருந்தால் என்ன ஊர், என்ன கஷ்டம் எண்டு விசாரிக்கமாட்டினம். அண்டைய சோறு கனடாவில் இருக்கிற ஒருத்தர் தாயின்ர திவசத்துக்குக் கொடுத்ததாக இருக்கலாம். கொடுத்தவருக்குச் சாப்பிட்டவரின் முகம் தெரியாது.

யாழ்ப்பாணத்தின் பழைய தருமங்கள் கனக்க இப்படித்தான். தலைச்சுமையை இறக்கி ஆறச் சுமைதாங்கி. கர்ப்பிணியாக இறந்த பெண்களின் நினைவாக அதைக் கட்டுவார்கள். மாடுகள் உடம்பைத் தேய்க்க ஆவுரஞ்சிக்கல், தண்ணி குடிக்கக் கேணி. வழிப்போக்கர் தங்க மடம். பருத்தித்துறையில் தெருவையே மூடிக் கட்டின தெருமூடி மடம் இண்டைக்கும் நிக்குது. பிடியரிசியும் அப்படித்தான். உலை வைக்க முதல் ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்து வைப்பார்கள். எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் கலந்த பிறகு எது ஆருடையது எண்டு ஆர் சொல்லுறது?

அதுக்காக அந்தக் காலம் பொற்காலம் எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிச் சனத்துக்குக் கன கிணறுகளும் கோயில்களும் தேநீர்க் கடைகளும் மறுக்கப்பட்டிருந்தன. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் அவர்கள் போராட வேண்டியிருந்தது. ஆளைப் பார்த்துத் திறக்கிற கதவைத் தருமம் எண்டு சொல்லேலாது.

பெயர் ஆசையும் புதிசில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில், தானும் அக்கா குந்தவையும் மற்றவர்களும் கொடுத்ததை எல்லாம் ராஜராஜன் கல்லில் வெட்டுவித்து 1000 வருசமாகிறது. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு எண்டு சோழர் காலக் கல்வெட்டுகள் கணக்கே சொல்லும். எங்கட கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைக்கிற 'உபயம்' எழுத்து அந்த வழியில் வந்ததுதான். ஆனால் அந்தக் கல்லிலும் லைட்டிலும் இருப்பது கொடுத்தவரின் பெயர்.

இப்ப மாறினது இதுதான்: வாங்கிறவரின் முகமும் வேணுமாம். யூடியூப்பிலும் டிக்டொக்கிலும் ஒரு அம்மா உடைஞ்ச குடிசைக்கு முன்னால் அழவேணும், பிறகு பெட்டியை வாங்கி வெளிநாட்டு அண்ணாவுக்கு நன்றி சொல்லவேணும். 2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் உதவி வீடியோ போடுகிற ஒரு யூடியூபர், ஒரு வீட்டுப் பெண்பிள்ளையை அவமதித்துப் பேசின வீடியோவால் சனம் கொதிச்சு, விசயம் கைது வரை போனது.

"வீடியோ இல்லாட்டி ஆர் காசு அனுப்புவினம்? கணக்குக் காட்ட வேண்டாமோ?" எண்டு கேட்பவர்கள் இருக்கினம். நியாயமான கேள்வி. புலம்பெயர்ந்தவர்கள் குளிரில் நிண்டு உழைச்ச காசு அது, களவு போகக்கூடாது. ஆனால் கணக்கு வேறு, முகம் வேறு. 96 ஆட்டைக் கல்லில் எழுதினவர்களுக்கு ஆரையும் அழவைக்கத் தேவைப்படவில்லை. கடைப் பில்லைக் காட்டலாம், கட்டின கிணத்தைக் காட்டலாம், வாங்கின சைக்கிளைக் காட்டலாம்.

ஆறாம் வகுப்பில் அந்தச் சைக்கிளை வாங்கின பிள்ளை ஓ/எல் எடுக்கும்போதும் வீடியோ நெட்டில் கிடக்கும். வகுப்புப் பிள்ளைகள் தேடி எடுத்துப் பார்ப்பினம். "எடுக்க வேண்டாம்" எண்டு சொன்னால் சைக்கிள் கிடைக்காது எண்டு பயந்த தாயின் சம்மதம் உண்மையான சம்மதமும் இல்லை.

காசு அனுப்புகிற சொந்தக்காரர் எங்கள் எல்லாருக்கும் இருக்கினம். அடுத்தமுறை அவர்களோடு கதைக்கும்போது ஒண்டு சொல்லுங்கோ: பில்லைக் கேளுங்கோ, ஆளின்ர படத்தைக் கேட்காதேங்கோ.