மலை தந்த பெயர்கள்

மனிதன் தான் வாழ்ந்த நிலத்துக்குப் பெயர் சூட்டினான். பின்னர் அந்நிலத்தின் பெயரைத் தானும் சூடிக்கொண்டான். உலகின் பல மொழிகளில் இவ்வழக்கம் உண்டு. தமிழில் இதன் தடத்தைத் தேடும் நமக்குத் திருவண்ணாமலையைவிடச் சிறந்த இடம் வாய்ப்பது அரிது.

மலை ஒன்றே, அதன் பெயர்களோ பல. அண்ணுதல் என்றால் நெருங்குதல். நெருங்குதற்கரிய மலை அண்ணாமலை. அருணம், சோணம் என்னும் வடசொற்கள் இரண்டும் செந்நிறத்தைக் குறிப்பன. அசலம் என்பது அசையாதது, அதாவது மலை. கிரி என்பதும் மலையே. ஆக, அருணாசலம், அருணகிரி, சோணாசலம் ஆகிய மூன்றும் செம்மலை என்னும் ஒரே பொருளைத் தருவன. இந்த நான்கு பெயர்களும் தமிழ் மக்களின் ஆட்பெயர்களாக வழங்கி வருகின்றன.

நிலத்தால் மனிதனை அழைப்பது தமிழுக்குப் புதிதன்று. சங்க அகப்பாடல்களில் தலைவனின் இயற்பெயரைச் சொல்லும் மரபில்லை. மலைநாட்டுத் தலைவன் வெற்பன், பொருப்பன், சிலம்பன் எனப்படுவான். வெற்பு, பொருப்பு, சிலம்பு யாவும் மலையைக் குறிக்கும் சொற்கள். வயல் சூழ்ந்த ஊருக்குரியவன் ஊரன், கடல்துறைக்குரியவன் துறைவன். திருவண்ணாமலைக்குத் தென்கிழக்கே உள்ள திருக்கோவலூரை ஆண்ட காரியின் குடி மலையமான் குடி. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் கிளியூர் மலையமான்களைக் காண்கிறோம். மலைநாட்டை ஆண்டோர் பெற்ற பெயர், தலைமுறைகளைத் தாண்டிய குடிப்பெயராக நிலைத்துவிட்டது.

இதற்கு நேரான வழக்கத்தை ஒல்லாந்தரிடம் பார்க்கிறோம். 1613இல் பழவேற்காட்டில் கோட்டை எழுப்பி, பின்னர் நாகப்பட்டினத்தையும் கைக்கொண்ட டச்சுக்காரர்கள் நம் கடற்கரைக்கு அந்நியரல்லர். அவர்களுடைய குடும்பப் பெயர்களில் 'வான் டென் பெர்க்' மிகப் பரவலானது. 'மலையிலிருந்து வந்தவர்' என்பது அதன் பொருள். ஆனால் அந்நாட்டின் ஐரோப்பிய நிலப்பகுதியில் மிக உயர்ந்த இடமே சுமார் 322 மீட்டர்தான். அண்ணாமலையோ ஏறத்தாழ 800 மீட்டர். தட்டையான நிலத்தில் ஒரு மணல்மேடும் மலையாகத் தோன்றிற்று. 'வான் டைக்' கடலைத் தடுக்கும் கரையருகே வாழ்ந்தவர். 'வான் டெர் மேர்' ஏரிக்கரையினர். 'டெர்ப்ஸ்ட்ரா' வெள்ளத்துக்கு அஞ்சி மண்ணைக் கொட்டி உயர்த்திய மேட்டில் குடியிருந்தவர். இலங்கையின் கடைசி டச்சு ஆளுநர் வான் ஆங்கெல்பேக்கின் பெயரில் உள்ள 'பேக்' என்பது சிற்றோடை. நெப்போலியனின் ஆட்சியில், 1811ஆம் ஆண்டு ஆணையின்படி, குடும்பப் பெயரைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. முன்பே வழங்கிய பெயர்கள் ஏட்டில் ஏறின. இல்லாதோர் புதிதாகத் தேடிக்கொண்டனர்.

இரு வழக்கங்களுக்கும் இடையே ஒரு நுண்ணிய வேறுபாடு உண்டு. டச்சுப் பெயர் முன்னோரின் வீடு எங்கிருந்தது என்பதைச் சொல்கிறது. நம் பெயர் அவர்களின் உள்ளம் எங்கிருந்தது என்பதைச் சொல்கிறது. இராமநாடகம் இயற்றிய அருணாசலக் கவிராயர் (1711–1779) தில்லையாடியில் பிறந்து சீர்காழியில் வாழ்ந்தவர். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் தென்பாண்டிச் சென்னிகுளத்தவர். 1929இல் பல்கலைக்கழகம் கண்ட அண்ணாமலைச் செட்டியார் கானாடுகாத்தானில் பிறந்தவர். இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் பொன்னம்பலம் அருணாசலமோ கொழும்பில் பிறந்தவர். இவர்களுள் எவரும் அம்மலையடிவாரத்துக் குடியினர் அல்லர். மலை அசையாதது, அதன் பெயரோ கடல் கடந்தும் சென்றது.

அப்படியானால் தமிழன் தன் இருப்பிடத்தை எங்கே குறித்தான்? பெயருக்கு முன்னே. சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயருடைய ஞானியை நாம் குணங்குடி மஸ்தான் சாகிபு என்றே அறிவோம். தொண்டிக்கு அருகிலுள்ள அச்சிற்றூர், அவர் பெயரால் தமிழகமெங்கும் அறிமுகமாயிற்று. தொண்டிப் பகுதியிலிருந்து வந்த அவரைத் தொண்டியார் என மக்கள் அழைத்ததால் சென்னையில் அவர் தங்கிய இடம் தண்டையார்பேட்டை ஆயிற்று என்றும் கூறுவர். ஊர் மனிதனுக்குப் பெயர் தர, மனிதன் ஊருக்குப் பெயர் தந்த கதை இது. 711இல் தாரிக் இப்னு சியாத் இறங்கிய குன்று 'ஜபல் தாரிக்' ஆகி, இன்று ஜிப்ரால்டர் என வழங்குவதும் இவ்வகையே.

முழுதாக எழுதப்பட்ட ஊர்ப்பெயர் பின்னர் முன்னெழுத்தாகச் சுருங்கியது. ஊருக்கு ஓரெழுத்து, தந்தைக்கு ஓரெழுத்து என இரண்டு இருந்த இடத்தில், இப்போது பெரும்பாலும் தந்தையின் எழுத்தே எஞ்சியிருக்கிறது. கடவுச்சீட்டில் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தில் பலர் தந்தை பெயரையே நிரப்புகின்றனர். அங்கே ஊருக்கு இடமில்லை. கரையும் ஏரியும் மறைந்தாலும் டச்சுக்காரனின் பெயர் அவற்றை நினைவூட்டும். நமக்கோ ஊர் இருக்கிறது. அதைச் சுட்டும் எழுத்து மறைந்துவருகிறது.

அண்ணாமலை என்னும் பெயரை மலையே காத்துக்கொள்ளும். சிற்றூர்களுக்கு அந்த உயரம் இல்லை. அவற்றின் பெயர்களைக் காக்க வேண்டியவர்கள் நாமே. நம் வீட்டுப் பழைய பத்திரங்களிலும் திருமண அழைப்பிதழ்களிலும் பாட்டனார் பெயருக்கு முன்னே நிற்கும் அந்த ஓரெழுத்து எந்த ஊரைக் குறிக்கிறது என்று கேட்டறிந்து, பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போமாக.