சாய்வா, மூலைவிட்டமா?

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் சிவகிரி மாணவருக்கும் சென்னை மாணவருக்கும் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடநூல் ஒன்றே. அதன் ஆயத்தொலை வடிவியல் பயிற்சியில் ஒரு நாற்கரம் வருகிறது. முனைகளை அ(−4, −2), ஆ(5, −1), இ(6, 5), ஈ(−7, 6) என்போம். பக்கங்களின் நடுப்புள்ளிகளைச் சேர்த்தால் இணைகரம் வரும் என்று நிறுவ வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, சாய்வு வழி. ஒன்பதாம் வகுப்பு நடுப்புள்ளிச் சூத்திரம் (1/2, −3/2), (11/2, 2), (−1/2, 11/2), (−11/2, 2) என்று தருகிறது. இவற்றை வரிசையாக இணைக்கும் கோடுகளின் சாய்வுகள் 7/10, −7/12, 7/10, −7/12. எதிரெதிர்ப் பக்கங்கள் இணை, கணக்கு முடிந்தது. படமே வேண்டாம். ஆனால் ஒரு குறைக்குறி தவறினால் விடையே மாறிவிடும். மேலும், இந்த நாற்கரத்துக்கு நிறுவியது அடுத்த நாற்கரத்துக்கு உதவாது.

இரண்டாவது, மூலைவிட்ட வழி. அ-இ மூலைவிட்டம் நாற்கரத்தை இரு முக்கோணங்களாகப் பிரிக்கிறது. முக்கோணத்தின் இரு பக்க நடுப்புள்ளிகளைச் சேர்க்கும் கோடு மூன்றாம் பக்கத்துக்கு இணை, நீளத்தில் பாதி. ஆக, இரு முக்கோணங்களிலும் வரும் நடுப்புள்ளிக் கோடுகள் அ-இக்கு இணை, தமக்குள் சமம். ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் இணையாகவும் சமமாகவும் இருந்தால் இணைகரம்தான். எந்த நாற்கரத்துக்கும், உள்நோக்கி மடிந்த நாற்கரத்துக்கும்கூட, இது பொருந்தும். பிரெஞ்சுக் கணிதர் பியர் வாரிஞோனின் பெயரால் வழங்கும் இத்தேற்றம், அவர் 1722இல் மறைந்த பிறகு 1731இல் அச்சேறியது.

முதல் வழியில் 7/10 எங்கிருந்து வந்தது என்பதை இரண்டாம் வழி சொல்லிவிடுகிறது: அ-இயின் சாய்வு 7/10, ஆ-ஈயின் சாய்வு −7/12. நடுப்புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் முன்பே இந்த இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டால், பிறகு வரும் விடையைச் சரிபார்க்கலாம்.

கேள்வி சற்று மாறட்டும்: இந்த இணைகரம் சாய்சதுரமா, செவ்வகமா? நாற்கரத்தின் மூலைவிட்டங்கள் சமமானால் சாய்சதுரம், ஒன்றுக்கொன்று செங்குத்தானால் செவ்வகம் என்பது வடிவியல் தரும் விதி. விடையை எண்கள்தான் தரும். மூலைவிட்ட நீளங்களின் வர்க்கங்கள் 149, 193. சாய்வுகளின் பெருக்கற்பலன் −49/120, −1 அல்ல. எனவே இரண்டும் இல்லை. பரப்பும் அப்படியே: இணைகரம் நாற்கரத்தில் பாதி என்பது விதி, 77 சதுர அலகில் 38.5 என்பது கணக்கு.

தேர்வுத்தாளில் சாய்வு வழியை எழுதலாம். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்ள, அதற்கு முன் மூலைவிட்டத்தை வரைந்து பார்க்க வேண்டும்.