நானோதுகளும் டி உயிரணுச் சிகிச்சையும்

உடலில் செலுத்தப்படும் டி உயிரணுக்கள் விரைவில் சோர்ந்துவிடுவது புற்றுநோய்ச் சிகிச்சையில் நெடுநாள் தடையாக இருந்தது. அவற்றைத் தூண்டும் சைட்டோகைன்களை இரத்தத்தில் அதிகம் ஏற்றினால் நச்சு விளைவுகள் வரும். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேரல் இர்வினின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மத்தியாஸ் ஸ்டீபன், மருந்து நிரப்பிய நானோதுகள்களை டி உயிரணுக்களின் மேற்பரப்பிலேயே ஒட்டவைத்தார். இம்முறை 2010-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியானது. உயிரணுவே மருந்தைச் சுமந்து சென்றதால் சிறிதளவே போதுமானதாயிற்று.

பின்னர் அவர் சியாட்டிலிலுள்ள பிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தில் சேர்ந்தார். முதல் கார்-டி சிகிச்சையான கிம்ரியாவுக்கு அமெரிக்க அரசு 2017 ஆகஸ்ட் 30 அன்று ஒப்புதல் அளித்தது. அப்போது அதன் விலை 4,75,000 டாலராக இருந்தது. நோயாளியின் டி உயிரணுக்களைப் பிரித்து, மரபணு மாற்றி, பெருக்கித் திரும்பச் செலுத்த வாரக்கணக்கில் ஆகும். தீவிர இரத்தப் புற்றுநோயாளிகள் சிலருக்கு அவ்வளவு அவகாசம் இருப்பதில்லை.

ஸ்டீபன் குழு அவ்வாண்டு ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வு இந்தத் தயாரிப்புப் படியையே தவிர்க்க முயன்றது. கார் ஏற்பிக்கான மரபணுவைத் தாங்கிய பல்லுறுப்பித் துகள்கள் எலிகளின் இரத்தத்தில் செலுத்தப்பட்டன. துகளின் மேலிருந்த எதிர்பொருள்கூறு டி உயிரணுவைக் கண்டு பற்றிக்கொண்டது. உயிரணு துகளை உள்வாங்கியதும் ஏற்பி உடலுக்குள்ளேயே உருவானது. லுகேமியா கொண்ட எலிகளில் நோய் பின்வாங்கியது. எலியில் கிடைத்த பலன் மனிதருக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களுக்கு இணையாக அது இருந்தது முக்கியமானது. 2020-இல் இக்குழு நிலையான மரபணு மாற்றத்தைக் கைவிட்டு, சில நாட்களில் சிதைந்துவிடும் தூது ஆர்.என்.ஏ.வைப் பயன்படுத்தியது, இதில் மருந்தை மீண்டும் மீண்டும் செலுத்த வேண்டியிருந்தது.