தணிகை மலையில் தொடங்கிய குருவணக்கம்

திருத்தணியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள் நான். சரளி வரிசைக்கு வாய் திறக்கும் எந்தக் குழந்தையும் முதலில் பழகுவது மாயாமாளவகௌளை ராகத்தைத்தான். முத்துசுவாமி தீட்சிதர் பாடிய முதல் கீர்த்தனையும் அதே ராகம். அது பிறந்த இடம் எங்கள் மலை. இது ஊரில் பலருக்கும் தெரியும். அந்தப் பாட்டைப் பாடும் அளவுக்கு அவரைப் பக்குவப்படுத்திய யோக ஆசிரியர் சிதம்பரநாத யோகியின் பெயரைத்தான் யாரும் எடுப்பதில்லை.

யோகியை நாம் அறிவதெல்லாம் சீடரின் குடும்பத்தார் சொல்லி வைத்ததால்தான். தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் பேரன் சுப்பராம தீட்சிதர். பாலுசுவாமி அவரைச் சுவீகாரம் எடுத்து வளர்த்தார். அவர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய நூலை வெளியிட்டார். நூல் தெலுங்கில் உள்ளது. எங்கள் ஊருக்கு அது எட்டாத மொழி அல்ல. 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்தோடு சேரும் வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. என் வீட்டுப் பெரியவர்கள் தமிழில் பேசி, தெலுங்கில் எழுதப் படித்தவர்கள். தீட்சிதர் கதை எனக்கு முதலில் அவர்கள் வாயால்தான் வந்தது.

முத்துசுவாமி 1775இல் திருவாரூரில் பிறந்தார். தந்தை ராமசுவாமி தீட்சிதரும் பெரிய வாக்கேயக்காரர். மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் குடியேறியது. முதலியாருக்குப் பின் அவர் மகன் வெங்கடகிருஷ்ண முதலியாரும் அவர்களை ஆதரித்தார். சிதம்பரநாத யோகி அங்கே வந்தபோது மூத்த பையனின் அறிவும் ஒழுக்கமும் அவரைக் கவர்ந்தன. காசிக்குத் தன்னோடு அனுப்பும்படி கேட்டார். தந்தைக்கு மனம் வரவில்லை. முதலியார் எடுத்துச் சொன்ன பிறகே ஒப்புக்கொண்டார். ரயில் இல்லாத காலத்தில் காசிக்குப் போகிறவர் திரும்பி வருவது நிச்சயம் இல்லை. அந்தத் தகப்பனின் கலக்கத்தை நினைக்காமல் இந்தக் கதையை என்னால் சொல்ல முடியாது.

காசியில் சில ஆண்டுகள் குருவோடு வாழ்ந்து, அவருக்குப் பணிவிடை செய்தபடியே பாடம் கேட்டார் முத்துசுவாமி. கங்கையில் நீராடல், விசுவநாதர், அன்னபூரணி வழிபாடு, வேதாந்தம், யோகம், ஸ்ரீவித்யை உபாசனை என்று நாட்கள் சென்றன. இன்று யோகா என்றால் பாய் விரித்து ஆசனம் போடுவதுதான் பலருக்கு நினைவு வருகிறது. அந்தக் காலத்துக் குருகுலத்தில் மூச்சும் மந்திரமும் உணவும் உறக்கமும் பேச்சும் எல்லாமே பயிற்சிதான். ஆசிரியரின் வாழ்க்கையே பாடம்.

விடைபெறும் நேரத்தில், கங்கையில் இறங்கும்படி யோகி சொன்னதாகவும், இறங்கியவர் கைக்கு ஒரு வீணை கிடைத்ததாகவும் குடும்ப வழக்கு. அதன் யாளி முகம் மேல்நோக்கி இருந்ததாம், அதில் ராம நாமம் இருந்ததாம். அதன் பின் யோகி கங்கைக் கரையிலேயே சித்தியடைந்தார். நம்புகிறவர் நம்பட்டும். நான் அதில் பார்ப்பது வேறு. வித்தையைக் கொடுத்து முடித்ததும் ஆசிரியர் விலகிக்கொண்டார். மாணவனைத் தன் நிழலிலேயே வைத்துக்கொள்ளவில்லை.

மணலிக்குத் திரும்பிய தீட்சிதர் பிறகு தணிகைக்கு வந்தார். 365 படிகள் கொண்ட மலை இது. இங்கே தியானத்தில் இருந்தவர் முன் ஒரு முதியவர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டைப் போட்டு மறைந்தார் என்பது மரபு. உடனே பிறந்தது 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்ற கீர்த்தனை. தொடர்ந்து எட்டு வேற்றுமைகளிலும் குருவைப் போற்றும் கீர்த்தனைகள் வந்தன. மனத்தை உருக்கும் ஆனந்தபைரவி அதில் உண்டு. அபூர்வமான பாடி, பானுமதி ராகங்களும் உண்டு. முருகனையும் குருவையும் ஒன்றாக வைத்த 'குருகுஹ' முத்திரை அன்று முதல் அவர் பாடல்களில் நிலைத்தது.

புலமை முழுக்கக் கைவந்திருந்த ஒருவர், முதல் பாட்டுக்குக் குழந்தைகள் தொடங்கும் ராகத்தையே எடுத்திருக்கிறார். என் வகுப்பில் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. தன்னை எப்போதும் மாணவனாக வைத்துக்கொள்ளும் பணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், காசியைத்தான் கைகாட்டுவேன்.

யோகியின் போதனை பிற்காலப் பாடல்களிலும் தெரிகிறது. திருவாரூர் கமலாம்பாள் மேல் அவர் செய்த நவாவரணக் கீர்த்தனைகள் ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது ஆவரணங்களையும் வரிசையாக வழிபடுபவை. உபாசனை முறை தெரியாதவர் அவற்றை இயற்றியிருக்க முடியாது. காசி வாசம் வடநாட்டு இசையையும் அவர் காதில் போட்டது. 'ஜம்பூபதே' பாடலின் யமுனா கல்யாணியிலும் 'சேத ஸ்ரீ' பாடலின் துவிஜாவந்தியிலும் அந்த வாசனை இருக்கிறது. அவசரப்படாமல் நீளும் அவருடைய சௌக்க காலத்தைப் பாட, முதலில் மூச்சு கட்டுக்குள் வர வேண்டும். யோகப் பயிற்சி சங்கீதத்துக்கு என்ன செய்யும் என்பதை என் தொண்டை கற்றுக்கொண்டது இந்தப் பாடல்களிடம்தான்.

பெற்றதை அவர் பூட்டி வைக்கவில்லை. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் அவரிடம் பயின்றார்கள். இன்றைய பரதநாட்டிய மார்க்கத்தை வகுத்தவர்கள் அவர்கள்தான். 1835 தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் தீட்சிதர் மறைந்தபோது, சீடர்கள் அருகில் அவர் பாடலைப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு யோகி ஒரு பையனுக்குக் கொடுத்த சில ஆண்டுகள் தென்னாட்டு இசைக்கும் நாட்டியத்துக்கும் இப்படிப் பரவின.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு லட்சக்கணக்கானோர் இந்த மலை ஏறுகிறார்கள். பாட்டோ யோகமோ கற்பிப்பவர்களிடமும் பெற்றோரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தணிகைக்குக் குழந்தைகளை அழைத்து வரும்போது தீட்சிதரின் கதையை முழுதாகச் சொல்லுங்கள். கற்கண்டோடு நிறுத்தாமல், மணலியில் ஒரு பையனை அடையாளம் கண்ட சிதம்பரநாத யோகியிடமிருந்து தொடங்குங்கள்.